தோடு தெளிந்த படம்

எமது வீட்டு முன்னறைச் சுவரிலே ஒரு படம் தொங்குகின்றது. 2017ஆம் ஆண்டு கார்த்திகை விளக்கீட்டன்று மாலை, முற்றத்துச் சிட்டிகளுக்குத் திரி ஏற்றிக்கொண்டிருந்த எமது அன்னையாரை நாம் எடுத்த படம் அது. வீட்டுக்கு வருவோர் யாவரும் அதிலுள்ள விளக்கொளியைப் புகழ்வர். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத குறை ஒன்றும் அதிலுண்டு. அன்னையாரின் இடக்காதுத் தோட்டிலுள்ள கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்களோ பனிமூட்டத்தினூடே பார்த்தாற்போல மங்கிக் கிடக்கின்றன. அடுத்த மாசியிலே அவர் காலமானார். அன்று எடுத்த படங்கள் ஐந்து. ஐந்திலும் தோடு தெளிவு, கண் தெளிவில்லை.

கமரா எமது பாட்டனாருடையது. மலாயாவிலே புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகப் பணியாற்றி இளைப்பாறிய அவர், 1963இல் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த கெனன் 7. அதனுடன் வந்தது சாதாரண வில்லை. 1990களிலே, மின்கலங்கள் முதலாகப் பல பொருள்கள் வடக்குக்கு வரத் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், மின்கலமே வேண்டாத அந்தக் கமரா வீட்டிலே சும்மா கிடந்தது. பிலிம் வாங்க வழியில்லை. ஆயினும் பாட்டனார் எம்மை அருகே இருத்தி, வெறுங் கமராவிலேயே பழக்கினார். "நடுவிலை பிடிச்சு ஒண்டாக்கு மோனை. பிறகு சாடையாத் திருப்பு" என்பார். 1995 ஒக்ரோபர் இறுதியில் ஊரே தென்மராட்சிக்கு நடந்தபோது, பாட்டியாரின் சேலையொன்றிற் சுற்றுண்டு அந்தக் கமராவும் எம்முடன் நடந்தது.

அவர் 'ஒண்டாக்கு' என்றது எதை என்பதை மாணவ அன்பர்களுக்குச் சற்று விளக்குதல் வேண்டும். உமது சுட்டுவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணாற் பாரும். பின் கண்ணை மாற்றும். விரல் இடம் பெயர்ந்தாற்போலத் தோன்றும். விரல் கிட்ட வரவர அப்பெயர்ச்சி கூடும். இதுவே தூரமானிக் கமராவின் உயிர்நிலை. அதன் முகப்பிலே, ஒன்றிலிருந்து ஒன்று சில சென்ரிமீற்றர் தள்ளி, இரு சாளரங்கள் இருக்கின்றன. ஒன்று பெருங்காட்சியைக் காட்டும். மற்றையது சுழலும் ஆடியொன்றின் வழியாக அதே காட்சியின் ஒரு துண்டை நடுவிலே கொண்டுவந்து சேர்க்கும். வில்லையின் வளையத்தைத் திருப்பும்போது உட்புறத்து நெம்பொன்று அசைந்து அந்த ஆடியைத் திருப்புகின்றது. இரட்டையாகத் தெரிந்த உருவம் ஒன்றாகும் கணத்தில் வில்லை சரியான தூரத்தில் நிற்கின்றது. இவ்வாறு தூரமானியை வில்லையுடன் பிணைத்த லைக்காவும் கொன்டாக்ஸும் 1932இலே சந்தைக்கு வந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நாம் பார்ப்பது வில்லையினூடாக அன்று. அருகிலுள்ள வேறொரு சாளரத்தினூடாக. அச்சாளரத்திலே அண்மையும் சேய்மையும் யாவும் தெளிவாகவே தெரியும். பிலிமிலே எது மங்கும் என்பதை அது ஒருபோதும் சொல்லாது. 1959இல் வந்த நிக்கொன் எஃப் போன்ற கமராக்களிலே வில்லை காண்பதையே கண்ணும் காணும். தூரமானியிலோ அளவையை நம்பித்தான் விசையை அழுத்த வேண்டும்.

2016இலே, கனடாவிலிருந்து வந்த எமது தம்பியார் அந்தக் கமராவுக்கென ஒரு பழைய வில்லையைக் கொணர்ந்து தந்தார். கெனன் நிறுவனம் 1961இல் இதே கமராவுக்காக வெளியிட்ட 0.95 வில்லை அது. இந்த எண்ணின் பொருள் யாதெனில், குவியத்தூரத்தை ஒளி புகும் வாயின் விட்டத்தால் வகுத்தால் வருவது. குவியத்தூரம் 50 மில்லிமீற்றர். வாயோ 52 மில்லிமீற்றருக்கும் மேல்! பாட்டனாரின் 1.8 வில்லையிலும் மூன்றரை மடங்கு ஒளியை இது உள்ளே விடும். கமராவின் முன்னே கிணற்று வாளியைக் கட்டித் தொங்கவிட்டது போன்ற தோற்றம். காட்சிச் சாளரத்தின் ஒரு மூலையையும் அது மறைத்துவிடுகின்றது. லைக்காவினர் 1966இல் 1.2 அளவிலே ஒரு நொக்டிலக்ஸ் செய்தார்கள், 0.95ஐ அவர்கள் எட்டியது 2008இலேதான். இதைத் தம்பியார் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

வாய் அகன்றாற் பார்வையின் ஆழம் குறுகும். ஒரு மீற்றர் தூரத்தில் நிற்பவரை இவ்வில்லையை முற்றாகத் திறந்து எடுத்தால், தெளிவாக விழும் பகுதியின் தடிப்பு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர். 8 என்னும் துவாரத்திலோ அது 18 சென்ரிமீற்றர். 2 சென்ரிமீற்றர் என்பது ஒரு மூச்சு. எடுப்பவர் மூச்சு விட்டாற் போயிற்று. எடுக்கப்படுபவர் சிரித்தாற் போயிற்று.

அந்த விளக்கீட்டு மாலைக்கு வருவோம். மழை விட்டிருந்தது. அன்னையார் குனிந்து திரியைத் தூண்டினார். நாம் ஒரு மீற்றர் அளவிலே முழந்தாளிட்டு, அவர் கண்ணை நடுவிலே பிடித்து உருவத்தை ஒன்றாக்கினோம். விளக்கு வரிசையும் படத்திலே விழ வேண்டுமல்லவா? ஆகவே சாடையாகத் திருப்பி, முகத்தைப் படத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து விசையை அழுத்தினோம். "கெதியாய் எடு தம்பி, விளக்கு நூரப் போகுது" என்றார். ஐந்து முறையும் அப்படியே செய்தோம்.

பிலிமைக் கழுவிப் பார்த்தபோது எமக்கு வந்த கோபம் முழுவதும், முந்திய ஆண்டு கமராவைத் துப்புரவாக்கித் தந்த கொழும்புத் திருத்துநர் மீதே பாய்ந்தது. தூரமானியை அவர் பிசகாக்கிவிட்டார் என்று முடிவு கட்டினோம். அன்னையாரின் அந்தியேட்டி முடிந்த கிழமை தொலைபேசியில் அவருடன் கடுமையாகவே பேசினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு அடிமட்டத்தை எடுத்துப் பாருங்கோ மாஸ்ரர்" என்றார்.

எடுத்துப் பார்த்தோம். அடிமட்டத்தை மேசைமீது சரிவாக வைத்து, 15 சென்ரிமீற்றர்க் கோட்டை நடுவிலே பிடித்து, முழுவதும் திறந்த வில்லையால் எடுத்தோம். 15ஆம் கோடு தெளிவாக விழுந்தது. மூன்று மீற்றரிலும் பார்த்தோம். தொலைவிலுள்ள கோயிற் கோபுரத்தையும் பார்த்தோம். யாவும் சரி. கமராவிலே குற்றமில்லை.

பதினைந்து ஆண்டுகளாகப் பௌதிகவியல் வகுப்பிலே எழுமாற்று வழு வேறு, முறைமை வழு வேறு என்று கரும்பலகையில் எழுதிவருகின்றோம். கை நடுங்கியிருந்தால் ஐந்து படங்களிலும் ஐந்து விதமாகப் பிழைத்திருக்கும். ஐந்தும் ஒரே பக்கம், ஒரே அளவு பிழைத்தனவென்றால் அது முறைமை வழு. கமரா சரியெனில் வழு செய்முறையிலே இருக்க வேண்டும். ஒரு துண்டுக் கடதாசியில் செங்கோண முக்கோணியொன்றை வரைந்ததும் வெளித்துவிட்டது.

தெளிவு விழும் இடம் ஒரு புள்ளியன்று; பிலிமுக்குச் சமாந்தரமாக நிற்கும் கண்ணாடித் தட்டுப் போன்ற ஒரு தளம். கண் நடுவிலிருந்தபோது அத்தட்டு ஒரு மீற்றருக்கப்பால், கண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றது. கமராவை 15 பாகை திருப்பியதும் தட்டும் கூடவே திரும்பியது. கண் இருந்த இடத்திலேயே இருந்தது; ஆனால் கமராவின் புதிய நோக்கின்படி அதன் தூரம் ஒரு மீற்றரை 15 பாகையின் கோசைனால் பெருக்கி வருவது, அதாவது 96.6 சென்ரிமீற்றர். தட்டு நிற்பதோ 100 சென்ரிமீற்றரில். கண்ணுக்கு 3.4 சென்ரிமீற்றர் பின்னால் தெளிவு விழுந்தது. முகம் அரைப்பக்கம் திரும்பியிருந்தமையால், அந்த இடத்திலே இருந்தது தோடு.

பாட்டனார் பிழையாகச் சொல்லித்தரவில்லை. அவர் காலத்து வெயிலிலே, 8 என்னும் துவாரத்திலே, 3.4 சென்ரிமீற்றர் இருந்த இடந்தெரியாமல் மறைந்திருக்கும். பிலிமில்லாக் கமராவிற் பயின்ற எமக்கோ அந்தப் பழக்கத்தின் குற்றத்தைக் காட்டித்தர ஒரு படமாவது இருக்கவில்லை. திருத்துநரை மறுபடி அழைத்து மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

இப்போது நாம் வேறு விதமாக எடுக்கின்றோம். ஓரத்திலே முகம் வேண்டுமெனில் திருப்புவதில்லை; கண்ணை நடுவிலே ஒன்றாக்கியபின், நண்டைப்போலப் பக்கவாட்டில் உடலோடு நகர்கின்றோம். ஒரு மீற்றர்த் தூரத்தில் இதற்கு ஏறக்குறைய 27 சென்ரிமீற்றர் நகர வேண்டும், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். கிட்டத்திலே வளையத்தைத் திருகுவதையும் விட்டுவிட்டோம். வளையத்தை ஒரு மீற்றரில் நிறுத்திவிட்டு, உடலை மெல்ல முன்னே சாய்த்து, உருவம் ஒன்றாகும் கணத்தில் அழுத்துகின்றோம். எதை ஒன்றாக்குவது என்பதும் ஒரு கலை. இரு சாளரங்களும் கிடையாக அமைந்திருப்பதால் உருவம் கிடையாகவே விலகும். ஆகவே கிடைக்கோடுகளாற் பயனில்லை. எமது மாமனாரின் நெற்றித் திருநீற்றை வைத்துக் குவிக்க முயன்று நெடுநேரம் திண்டாடியிருக்கின்றோம். மூன்று குறியும் எப்போதும் ஒன்றாகவே தெரிந்தன. நாமம் இட்டவராயின் கமராவுக்கு எளிது! கமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் திருநீறும் உதவும். எல்லாவற்றிலும் நல்ல குறி, கருவிழியிலே தெறிக்கும் விளக்கின் பொட்டு. இரண்டு சுடராகத் தெரியும். மெல்லச் சாய, ஒரு சுடராகும்.

கைத்தொலைபேசியே முகத்தைக் கண்டுபிடித்துத் தெளிவாக்கித் தரும் இக்காலத்தில் இந்தப் பாடு எதற்கு என்று எமது மாணவர்கள் கேட்கின்றார்கள். நியாயமான கேள்வி. எமக்கு இது பிடித்திருக்கின்றது என்பதைத் தவிர வேறு மறுமொழி எம்மிடம் இல்லை.

2023ஆம் ஆண்டு விளக்கீட்டன்று, எமது மகள் அதே முற்றத்தில் சிட்டிகளுக்கு எண்ணெய் வார்த்தாள். காதிலே அப்பம்மாவின் தோடு. நண்டுபோல நகர்ந்து நான்கு படங்கள் எடுத்தோம். மூன்றிலே கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தெரிகின்றது. கழுவிய படத்தை அவளிடம் நீட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, தோடு வடிவாத் தெரியேல்லையே" என்றாள்.