வழவழப்பா... சொரசொரப்பா?

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கோங்க பாஸ். நீங்க உட்கார்ந்திருக்கிற கிளாஸ்ரூம் பெஞ்ச் மேல விரலை மெதுவா ஓட்டுங்க. கொஞ்ச தூரம் வழவழன்னு போகும். திடீர்னு எவனோ ஒரு சீனியர் காம்பஸ் முனையால செதுக்கிவெச்ச ஹார்ட்டின் தட்டுப்படும். விரல் எங்கே நின்னுச்சு? குழியிலதானே!

நான் மெக்கானிக்கல். எங்க டிபார்ட்மென்ட்ல மொத்தமே நாலு பொண்ணுங்க, அது வேற சோகம். மெட்ராலஜி லேப்ல சின்னச் சின்ன உலோகத் தகடுகளைக் கொடுத்து, நகத்தால வருடிப் பார்த்து எது எவ்வளவு சொரசொரப்புன்னு சொல்லச் சொல்வாங்க. அப்புறம் மெஷின்ல வெச்சா மைக்ரோமீட்டர் கணக்குல ஒரு எண் வரும். எண் சின்னதா இருந்தா ஃபினிஷ் நல்லா இருக்குன்னு அர்த்தம். அதாவது வழவழப்புதான் ஒசத்தி, சொரசொரப்பு ரெண்டாம் பட்சம். நானும் அப்படித்தான் மண்டையில ஏத்திவெச்சிருந்தேன். அதைக் கலைச்சுவிட்டது ஒரு புகையிலை பைப்.

‘‘என்னம்மா... சிகரெட் மேட்டரா?’’ன்னு எடிட்டர் சார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். ‘‘இல்ல சார், மரவேலை மேட்டர்’’னு சொல்லித்தான் இந்தப் பக்கத்தை வாங்கினேன். நீங்களும் அப்படியே எடுத்துக்கோங்க. நான் புகைக்கிறது இல்லை. ஏன்னு கடைசியில தானா புரியும்.

பெரியப்பா சரக்குக் கப்பல்ல என்ஜினீயரா இருந்தவர். அவர்கிட்ட ரெண்டு பைப் இருந்துச்சு. ஒண்ணு மினுமினுன்னு செர்ரி கலர். இன்னொண்ணு கறுப்பு, தொட்டா பட்டுப்போன மரத்தோட பட்டை மாதிரி இருக்கும். சின்ன வயசுல, பணம் பத்தாம மட்டமானதா ஒண்ணு வாங்கியிருக்கார்னு நினைச்சுப்பேன். ரெண்டும் ஒரே மரம்னு தெரிஞ்சது ரொம்ப நாள் கழிச்சுத்தான்.

அந்த மரத்துக்குப் பேர் பிரையர். எரிகா ஆர்போரியான்னு ஒரு புதர்ச்செடி. இத்தாலி, கிரீஸ், கார்சிகா, அல்ஜீரியான்னு மத்தியதரைக் கடலைச் சுத்தி வளருது. வேரும் தண்டும் சேருற இடத்துல பந்து மாதிரி ஒரு கட்டை திரண்டு நிக்கும். காட்டுத் தீயில மேலே இருக்கிறதெல்லாம் கருகினாலும், அந்தக் கட்டையிலிருந்து மறுபடி துளிர் விடும். நெருப்பைத் தாங்கிப் பழகின அந்தக் கட்டையைத்தான் தோண்டியெடுத்து, மணிக்கணக்கா வேகவெச்சு, மாசக்கணக்கா நிழல்ல காயவெச்சு பைப் செய்றாங்க. பிரான்ஸ்ல ஜூரா மலைப்பக்கம் இருக்கிற செயின்ட் குளோட் ஊர், 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்தத் தொழிலுக்குப் பேர் போனது. பைப்புக்குன்னே அங்கே ஒரு மியூசியம் இருக்கு!

முதல்ல வழவழ பார்ட்டியைப் பார்ப்போம். உப்புத்தாள் தெரியும்ல? முரட்டுத்தாள்ல ஆரம்பிச்சு, படிப்படியா நைஸான தாளுக்குப் போய்த் தேய்ச்சுக்கிட்டே வருவாங்க. அடுத்தது ஒரு தந்திரம். முதல்ல கறுப்புச் சாயம் பூசுவாங்க. மரத்துல இருக்கிற மெத்துன்னு உள்ள நார்கள் அதை நிறைய குடிக்கும், கெட்டி நார்கள் குடிக்காது. திரும்பத் தேய்ச்சு மேல்சாயத்தை எடுத்துட்டு இளஞ்சாயம் பூசினா ரேகை பளிச்சுனு எழுந்து நிக்கும். கடைசியில பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து எடுக்கிற கார்னோபா மெழுகைத் துணிச்சக்கரத்துல தடவி ஒரு சுத்து. முடிஞ்சது!

சும்மா சொல்லக் கூடாது, நல்ல வழவழ பைப் ஒரு பேரழகு. பக்கவாட்டுல மேலிருந்து கீழே நெருப்பு எரியற மாதிரி நேர்ரேகை. நாரோட முனைகள் தெரியற இடத்துல குட்டிக் குட்டி வட்டமா இருக்கும், பறவைக்கண்ணுன்னு சொல்வாங்க. ஸ்வீடன்ல போ நோர்துன்னு ஒரு மேஸ்திரி இருந்தார். 2006-ல் இறந்துட்டார். நேர்ரேகை பைப்னா அவர் பேரைத்தான் இன்னிக்கும் கலெக்டருங்க மரியாதையா சொல்றாங்க. ஓவியர் ரெனே மாக்ரித் 1929-ல் ஒரு பைப்பை வரைஞ்சு, கீழே ‘இது பைப் இல்லை’ங்கிற அர்த்தத்துல எழுதிவெச்சு உலகத்தையே குழப்பினாரே... அதுவும் வழவழ பைப்தான். நம்ம கறுப்பு வெள்ளை சினிமாவுல பட்டு கவுன் போட்டு மாடிப்படி இறங்குற பணக்கார அப்பாக்கள் கையில பளபளக்கிறதும் அதே ஜாதிதான்.

ஆனா பிரையர்ல ஒரு சிக்கல் இருக்கு. மண்ணுக்குள்ள பாறைக்கும் வேருக்கும் நடுவுல வளர்ற கட்டை ஆச்சே, உள்ளே எங்கே குழி இருக்கும்னு யாருக்கும் தெரியாது. ஒரு மேஸ்திரி மணிக்கணக்கா செதுக்கி, தேய்ச்சு, முடிக்கப்போற நேரத்துல குண்டூசித் தலை சைஸ்ல ஒரு ஓட்டை எட்டிப்பார்க்கும். உழைப்பு முழுக்க அம்பேல். அப்போ என்ன பண்ணுவாங்க? நம்ம ஊர் கார்பென்டர் என்ன பண்ணுவாரோ அதேதான். மக்கு வெச்சு அடைச்சு, மேலே சாயம் பூசிடுவாங்க. விலை குறைஞ்ச வழவழ பைப்புகள்ல இது சர்வசாதாரணம். புதுசா இருக்கும்போது தெரியாது. வருஷம் ஆக ஆக, சூடு பட்டுப் பட்டு மரம் கறுக்கும். மக்கு அப்படிக் கறுக்காது. புள்ளி புள்ளியா வெளியே தெரிய ஆரம்பிக்கும். பெரியப்பாவோட செர்ரி கலர் பைப்புல அப்படி மூணு ரோஸ் புள்ளி.

இப்போ கறுப்புக் குதிரை வருது. மணலைக் காத்தோட வேகமா அடிச்சுப் பரப்பை அரிக்கிற டெக்னிக்குக்கு 1870-ல் அமெரிக்காவோட பெஞ்சமின் டில்மன் காப்புரிமை வாங்கினார். கண்ணாடியில டிசைன் போட, உலோகத்துல துரு எடுக்கன்னு அது பாட்டுக்கு ஒரு தொழிலா ஓடிக்கிட்டிருந்துச்சு. அதை பைப்புக்குக் கொண்டுவந்து புகழாக்கினது லண்டன்ல கடை வெச்சிருந்த ஆல்ஃபிரட் டன்ஹில். 1917-ல் காப்புரிமைக்குப் போட்டு, ‘ஷெல்’னு பேர் வெச்சார். பாய்லர் பக்கத்துல மறந்து வெச்ச ஒரு பைப் சுருங்கி, நார்நாரா எழுந்து நின்னதைப் பார்த்துத்தான் ஐடியா வந்துச்சுன்னு ஒரு கதை சொல்வாங்க. கதை நல்லா இருக்கு, நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

இதுல எனக்குப் பிடிச்ச மேட்டர் இதுதான். மணல் அடிக்கும்போது அது மரத்துல தானா எந்த டிசைனும் போடுறதில்லை. மெத்துன்னு இருக்கிற பகுதியைத் தின்னுட்டு, கெட்டியா இருக்கிற பகுதியை விட்டுட்டுப் போயிடுது. அவ்வளவுதான். மிஞ்சி நிக்கிறது அந்தச் செடியோட வளர்ச்சி வளையங்கள். செழிப்பா வளர்ந்த வருஷம், தண்ணி இல்லாம தவிச்ச வருஷம் எல்லாம் வரிவரியா விரல்ல தட்டுப்படும். அல்ஜீரியாவோட பிரையர் கொஞ்சம் மெத்துன்னு இருக்கும். அதனாலதான் பழைய ஷெல் பைப்புகள்ல பள்ளம் அவ்வளவு ஆழம்.

‘‘ஓட்டையை மறைக்கத்தானே சொரசொரப்பாக்குறாங்க?’’ன்னு கேட்பீங்க. உண்மைதான். குழி தெரிஞ்ச கட்டையை மணலுக்கு அனுப்புறது வழக்கம். அதனால ஒரே கம்பெனி, ஒரே வடிவம்னாலும் பெரும்பாலும் வழவழப்புக்குத்தான் விலை அதிகம். ஆனா யோசிச்சுப் பாருங்க. மக்கு வெச்சு மூடினது எது? உள்ளே இருக்கிற வருஷக்கணக்கைத் திறந்து காட்டுறது எது? விலைப்பட்டியல் தலைகீழா இருக்குன்னு எனக்குத் தோணுது. மக்கு இல்லாத சுத்தமான வழவழ பைப்புக்கு நான் எழுந்து நின்னு சல்யூட் அடிப்பேன், அது வேற கணக்கு.

மூணாவதா ஒரு வகை இருக்கு. மணலுக்குப் பதிலா ஆளே உட்கார்ந்து உளி மாதிரி கருவியால கொத்துறது. நம்ம தெருவுல ‘அம்மி கொத்தலையோ’ன்னு வருவாங்களே, கிட்டத்தட்ட அதே வேலை. இத்தாலியில கான்டூங்கிற ஊர்ல இருக்கிற காஸ்டெல்லோ இதுக்கு ஃபேமஸ். அவங்க வைக்கிற பேர் ‘ஸீ ராக்’. அலை அடிச்சு அடிச்சு அரிச்ச பாறை மாதிரியேதான் இருக்கும். இதுல தெரியறது மரத்தோட வரலாறு இல்லை, கொத்தினவர் கையோட தாளம். எனக்கு இது ரெண்டாமிடம்தான். என் ஃபிரெண்ட் ஒருத்தி இதுதான் டாப்னு சண்டைக்கு வர்றா.

சொரசொர பைப் சீக்கிரம் குளிரும், ஏன்னா பரப்பளவு அதிகம்னு விக்கிறவங்க சொல்வாங்க. பைக் என்ஜின்ல இருக்கிற ஃபின் மாதிரியாம். ஹீட் டிரான்ஸ்ஃபர்ல நான் எடுத்த மார்க்கைக் கேட்காதீங்க, ஆனா இதுல கொஞ்சம் இடிக்குது. ஃபின் வேலை செய்யணும்னா சூடு அதுக்குள்ள சரசரன்னு ஓடி வரணும். அலுமினியத்துல ஓடும். மரத்துல அலுமினியத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல மெதுவாத்தான் நகரும். அப்புறம் ஏன் கையில சுடலைன்னு தோணுது? விரல் முழுப் பரப்புலயும் படறதில்லை, மேட்டுல மட்டும்தான் படுது. குளிர்ச்சி பைப்புல இல்லை, உங்க விரல்ல இருக்கு!

பெரியப்பா விஷயத்துக்கு வர்றேன். ‘‘பைப் புகையை யாரும் உள்ளே இழுக்கிறதில்லைடா கண்ணு, வாயிலயே வெச்சு விட்டுடுவோம். ஒண்ணும் பண்ணாது’’ம்பார். பண்ணுச்சு. பைப்னாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல்னு புற்றுநோய் எதையும் விட்டுவைக்கிறதில்லை. அவருக்குத் தொண்டையில வந்துச்சு. நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது, கடைசி மூணு மாசம் பேச்சே இல்லை. சிலேட்டுல எழுதிக் காட்டுவார். ரெண்டு பைப்பும் பீரோவுக்குள்ள போயிடுச்சு. ஆனா தலையணைக்குப் பக்கத்துல கை மட்டும் எதையோ பிடிச்சிருக்கிற மாதிரியே மடங்கியிருக்கும், பெருவிரல் தேய்ச்சுக்கிட்டே இருக்கும்.

போன தீபாவளிக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனப்ப, கறுப்பு பைப்பை எனக்குக் கொடுக்க முடியுமான்னு கேட்டேன். அம்மா முறைச்சாங்க, ‘‘அதைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லி நாலு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்’’னாங்க. அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு. ஒரு மனுஷனைத் தின்ன பொருளை அழகுன்னு கொஞ்சுறது எப்படின்னு எனக்கும் தெரியலை. இந்தக் கட்டுரையை எழுதுற இந்த நிமிஷம் வரைக்கும் தெரியலை. ஆனா அதை வெளிச்சத்துல திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் கண்ணு அதுலயே நிக்குது, என்ன பண்றது?

இடது பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு இடம். அங்கே மட்டும் வரிகள் இல்லை. வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்கு. எந்த உப்புத்தாளும் தேய்க்காத இடம். முப்பது வருஷம் ஒரே பெருவிரல் போய்வந்து போட்ட பாலிஷ். லேப்ல அதோட எண் எவ்வளவுன்னு அளந்திருக்கலாம்தான், எனக்கு மனசு வரலை.

பெரியம்மா அன்னிக்கு ஒண்ணும் சொல்லாம உள்ளே போனாங்க. அரை மணி நேரம் கழிச்சு பைப்போட வந்து என் கையில வெச்சாங்க. பழைய டூத் பிரஷ்ஷால பள்ளம் பள்ளமா தூசி எடுத்திருந்தாங்க. புகையிலை போடுற குழி முழுக்க எம்-சீல் வெச்சு, விளிம்புவரைக்கும் அழுத்தி அடைச்சிருந்தாங்க. இன்னும் ஈரமா இருந்துச்சு, நடுவுல அவங்க கட்டைவிரல் ரேகை.

‘‘காயற வரைக்கும் தொடாத’’ன்னாங்க.