சாத்தத்தில் ஆறப்போடும் மரம்

போர்ட் பிளேயரிலிருந்து ஒரு சின்னப் பாலத்தைக் கடந்தால் சாத்தம். தீவென்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு மர அறுவை ஆலையும் ஒரு படகுத்துறையும் வந்ததும் இடம் ஏறக்குறைய தீர்ந்துபோகிறது. ஆலை 1883இல் தொடங்கியது. 1942இல் ஜப்பானியர் போட்ட குண்டு பறித்த பள்ளத்தை இன்னும் மூடாமல் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அதன் ஓரத்தில்தான் நின்று படம் எடுக்கிறார்கள். எனக்கு மரம் காய்வதைப் பார்க்க வேண்டும்.

அறுக்கும் இடத்தில் பேச்சு கேட்காது. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் படாக் அடிமரம் பேண்ட் சா எந்திரத்துக்குள் போய்ச் சில நிமிடத்தில் பலகையாக வெளியே வருகிறது. புதிதாக அறுபட்ட படாக் ரத்தச் சிவப்பு. சில மரம் ஆரஞ்சு, சிலவற்றில் கறுப்பு வரி ஓடும். வெளிச்சம் பட்டுப் பட்டு எல்லாமே பழுப்பாகும். தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. வேலையாட்கள் முகத்தில் துண்டைக் கட்டியிருந்தார்கள்.

ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவர், பாதி வார்த்தை இந்தியில் பேசுபவர், என்னை அடுக்குகளிடம் கூட்டிப்போனார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் வைத்துக் காற்று போக இடம் விட்டிருந்தது. "இதை இன்னிக்கு அறுத்து நாளைக்குக் கதவு பண்ணினா, அடுத்த வெயில்ல கதவு ஒரு பக்கம், நிலை ஒரு பக்கம் நிக்கும் சார்." ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. அந்தமான் காற்றில் எப்போதும் ஈரம். நிழலில் எத்தனை நாள் கிடந்தாலும் மரம் ஓரளவுக்கு மேல் காயாது. மீதி ஈரத்தைச் சூளைதான் எடுக்க வேண்டும். படாக் சாது, அதிகம் சுருங்காது. குர்ஜன் மரம் அப்படியில்லை, அவசரப்படுத்தினால் முறுக்கிக்கொள்ளும். அறுக்கிற வேகத்தை எல்லாரும் மெச்சுகிறோம். காயப்போடும் மாதங்களுக்குக் காசு கொடுக்கத்தான் எந்த ஊரிலும் ஆளில்லை.

கொடுக்கிறவர்கள் ஒயின்காரர்கள். இத்தாலியில் டஸ்கனிக் கடலோரம் போல்கெரி என்ற ஊர். மாரியோ இன்சீசா அங்கே 1940களில் பிரான்ஸின் போர்தோ வகைக் கேபர்னே திராட்சைக் கொடிகளை நட்டார். அவர் செய்த சசிக்காயா என்ற சிவப்பு ஒயினை இளசாகக் குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். இருபது வருடம்போல அது வீட்டுக் குடியாகவே இருந்தது. நிலவறையில் கிடந்த பழைய பாட்டில்கள் தேறிவந்ததைப் பார்த்தபிறகுதான் 1968ஆம் ஆண்டு அறுவடையின் ஒயின் விற்பனைக்கு வந்தது. 1985ஆம் ஆண்டுடையதை இன்றும் தேடி வாங்குகிறார்கள். பாட்டிலுக்குப் போகுமுன் அது ஏறக்குறைய இரண்டு வருடம் ஓக் பீப்பாயில் கிடக்கும். அந்தப் பீப்பாய்க்கான பலகைகளை அதற்கும் முன்பே இரண்டு மூன்று வருடம் வெட்டவெளியில் அடுக்கிவைப்பார்கள், மழை கசப்பைக் கழுவட்டும் என்று.

இதைச் சொன்னபோது ராமநாதபுரத்துக்காரருக்குப் பீப்பாய்மேல்தான் ஆர்வம். பிரெஞ்சு ஓக்கை வாளால் அறுப்பதில்லை, இழை போகும் போக்கில் பிளப்பார்கள், அறுத்தால் ஒழுகும் என்றேன்.

"பிளந்தா பாதி மரம் வேஸ்ட் ஆயிடுமே!"

"பாதிக்கு மேலேயே."

"பணக்கார வேலை." அவர் சொன்னதில் பொறாமையும் இருந்தது. 2002இல் உச்ச நீதிமன்றம் இத்தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான வரம்பு போட்டது. முன்பு காட்டில் யானை இழுத்து, கடலில் தெப்பமாக மிதந்து வந்து குவிந்த அளவுக்கு மரம் இப்போது கிடையாது. ஒவ்வொரு பலகைக்கும் கணக்கு உண்டு.

படாக்கில் பீப்பாய் செய்தால் என்ன என்று கேட்டேன்.

"ஸ்பிரிட் பாலிஷ் போட்டுப் பாருங்க, துணியெல்லாம் செவப்பு. சாராயம் பட்டா சாயம் விடும் சார்." கொஞ்சம் யோசித்தார். "நீங்க சொல்றதும் செவப்பு ஒயின்தானே? யாருக்குத் தெரியப்போகுது."