அந்தியூர்ச் சந்தையும் இளைத்த குதிரைக்கான தீவனமும்

பவானியிலிருந்து அந்தியூர் போகும் சாலையில் ஆடி மாதக் கடைசியில் பயணம் செய்தால், பேருந்துக்கு முன்னும் பின்னும் குதிரை ஏற்றிய வண்டிகளைப் பார்க்கலாம். பர்கூர் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் அந்தியூர். அதை ஒட்டிய புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் தமிழ்நாட்டில் பெயர் பெற்றவை. திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்று ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

செம்மண்ணும் வெள்ளையும் கலந்த பர்கூர் மாடுகள், காங்கேயம் காளைகள் எல்லாம் ஒரு பக்கம். குதிரைகளுக்குத் தனி இடம். காது நுனி இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரி, கத்தியவாரி குதிரைகளைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். மேளத்துக்கு ஆடும் நாட்டியக் குதிரைகள், வண்டி இழுக்கும் மட்டக்குதிரைகளும் உண்டு. நடுநடுவே சலங்கை, சாட்டை, கடிவாளம், லாடம் விற்கும் கடைகள்.

பளபளக்கும் குதிரைகளைத் தாண்டிப் போனால், ஓரமாகக் கட்டியிருக்கும் சில குதிரைகளின் விலா எலும்பை எண்ணிவிடலாம். “எதைப் போட்டாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குதுங்க சார். மக்காச்சோளத்தை ஏத்துனா துள்ளிக் குதிக்குது, வீட்டுல பசங்க கிட்டப் போகவே பயப்படுறாங்க. அதான் வந்த விலைக்குத் தள்ளிடலாம்னு ஓட்டியாந்தேன்” என்றார் ஒரு விவசாயி. அவர் சிக்கல் பலருக்கும் உண்டு. இளைத்த குதிரை பாதி விலைக்குத்தான் போகும். துள்ளுகிற குதிரையோ வீட்டில் ஒருவரை உதைத்துவிட்டால் விலை பேசக்கூட நேரமிருக்காது. இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் வழி இருக்கிறது. அது தீவனத் தொட்டி.

மாடு போல அசை போடுகிற பிராணி அல்ல குதிரை. அதற்கு இரைப்பை ஒன்றுதான், அதுவும் சிறியது. புல்லும் தட்டும் செரிப்பது பின்குடலில், நுண்ணுயிர்களால். தானியத்தின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரிக்க வேண்டும். ஒரே வேளையில் இரண்டு, மூன்று கிலோ மக்காச்சோளத்தைக் கொட்டினால், ஒரு பகுதி ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். செரிக்காத மீதி பின்குடலுக்குப் போய்ப் புளித்து அமிலமாகும். துள்ளல், எரிச்சல், வயிற்றுவலி, குளம்பு அழற்சி எல்லாம் இதன் விளைவுகள். வேலை வாங்காமல் நாள் முழுக்கக் கட்டியே வைத்திருந்தால் துள்ளல் இன்னும் கூடும்.

தீவனத்தை மாற்றும் முன் மூன்றைச் சரிபாருங்கள். முதலாவது பல். குதிரையின் கடைவாய்ப் பல் தேய்ந்து ஓரம் கத்தி போலாகும். மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினாலோ, சாணத்தில் முழுத் தானியம் வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் பல்லை ராவச் சொல்லுங்கள். இரண்டாவது குடற்புழு. சாணத்தைப் பரிசோதித்து, மருத்துவர் சொல்லும் மருந்தை எடைக்கேற்பக் கொடுங்கள். மூன்றாவது தண்ணீர். வெயில் காலத்தில் 300 கிலோ குதிரைக்கு நாளைக்கு 25 முதல் 30 லிட்டர் வேண்டும்.

எடை பார்க்கத் தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் சுமார் 302 கிலோ.

அப்படிப்பட்ட 300 கிலோ குதிரைக்கு ஒரு நாள் தீவனம் இது:

காய்ந்த புல் அல்லது நறுக்கிய சோளத்தட்டு 4 முதல் 5 கிலோ, நாலைந்து தடவையாக. தின்று முடித்தால் இன்னும் போடலாம்.
அறுத்து வாடவிட்ட குதிரைமசால் 4 கிலோ.
ஊறவைத்து வேகவைத்து ஆறவிட்ட கொள்ளு, காய்ந்த எடையில் அரைக்கிலோ. காலை பாதி, மாலை பாதி.
தவிடு அரைக்கிலோ, உப்பு 30 கிராம்.
எண்ணெய் 150 மில்லி, தவிட்டில் பிசைந்து.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது நம் பெரியவர்கள் வாக்கு. எள்ளில் இருப்பது எண்ணெய். ஒரே எடையில் மாவுச்சத்தைவிட இரண்டேகால் மடங்கு சக்தி எண்ணெயில் உண்டு. அது ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. 150 மில்லி எண்ணெய் சுமார் 350 கிராம் மக்காச்சோளத்தின் சக்தியைத் தரும், துள்ளலைத் தராது. நல்லெண்ணெய்தான் வேண்டுமென்பதில்லை. கடலை, சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் எதுவும் ஆகும். பலகாரம் சுட்ட எண்ணெயும் காறிய எண்ணெயும் கூடாது. முதல் நாள் 30 மில்லியில் தொடங்கி மூன்று வாரத்தில் 150 மில்லிக்குக் கொண்டுபோங்கள். சாணம் இளகினால் அளவைக் குறையுங்கள். கொள்ளு, தவிடு போன்ற மற்ற மாற்றங்களையும் ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். மக்காச்சோளம் போட்டே ஆக வேண்டுமென்றால் உடைத்தது, ஒரு வேளைக்கு அரைக்கிலோவைத் தாண்டாமல்.

குதிரைமசாலுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த பசுந்தீவனம் அது. கோ 1 ரகத்தை ஆடியிலிருந்து மார்கழிக்குள் விதைக்கலாம். முதல் அறுப்பு இரண்டரை மாதத்தில். பிறகு 25 முதல் 30 நாளுக்கு ஒருமுறை. இதை விடாமல் கொடுக்க இன்னொரு காரணமும் உண்டு. தவிட்டில் மணிச்சத்து மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. கொழுக்கட்டைப்புல், நேப்பியர் புல்லில் இருக்கும் ஆக்சலேட்டும் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும். தவிட்டையும் இந்தப் புல்லையும் மட்டுமே நம்பினால் நாளடைவில் எலும்பு பலமிழந்து குதிரையின் முகம் வீங்கும்.

கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கு ஆகும் சவுண்டல் தழை குதிரைக்கு ஆகாது. அதிலுள்ள மைமோசின் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்த்துவிடும். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் சிலவற்றில் கலக்கும் மொனென்சின் குதிரையைக் கொன்றேவிடும். பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கையும் தட்டையும் குப்பைக்குழியில் போடுங்கள்.

எலும்பும் தோலுமாகப் பட்டினி கிடந்த குதிரையை வாங்கி வந்தால் மேலே சொன்ன அளவை உடனே தொடங்க வேண்டாம். காய்ந்த குதிரைமசாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுத்து, மருத்துவர் சொன்ன பிறகே மற்றதைச் சேருங்கள்.

ஒரு வாரத்தில் உடம்பு ஏறிவிடாது. இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் கைக்குத் தட்டுப்பட்டால் போதும், அதற்கு மேல் ஏற்ற வேண்டியதில்லை. தினமும் அரைமணி நேரமாவது நடத்திக் கூட்டிப் போங்கள். இந்த இதழ் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் டேப்பை எடுத்து மார்புச் சுற்றளவை அளந்து, அட்டையிலேயே தேதியுடன் குறித்து வையுங்கள். நாலு இதழ் சேர்ந்த பிறகும் அளவு கூடவில்லை என்றால், அந்தக் குறிப்போடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். சந்தைக்கு ஓட்டுவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.