ஆறில்லா நாட்டாரும் கங்கையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கையாறு என ஒன்று உண்டெனினும், அது மாரியில் ஓடிக் கோடையில் வறண்டு கிடப்பது. சுண்ணாம்புக் கல்லின் கீழே கரந்து கிடக்கும் நீரைக் கிணறு தோண்டிக் கண்டு, துலா மிதித்து இறைத்து, அந்நீரால் புகையிலையும் வெங்காயமும் விளைத்து வாழ்ந்தவர் நம் முன்னோர். ஆற்றைக் கண்டறியாத அம்மக்களின் நாவிலே 'கங்கை' என்னுஞ் சொல் வழங்கியவாறு வியக்கத்தக்கது. கிணற்றடியிலே முதல் வாளி நீரைத் தலையிற் சொரியும்போது கங்கையை நினைந்து முணுமுணுக்கும் முதியோரை நம்மிற் பலர் கண்டிருப்போம். உயிர் பிரியுந் தறுவாயில் வாயில் விடுதற்கென்று வாயடைத்த சிறு செம்பிலே காசித் தீர்த்தத்தைப் பேணி வைத்திருந்த வீடுகளும் உண்டு. 'காசிக்குப் போனாலும் கருமந் தொலையாது' என்னும் பழமொழியோ எங்கும் வழங்குவது. காசிக்குப் போகாதவரே அதனை மிகுதியாகச் சொல்வர்.

முற்காலத்திலே போக விரும்பினார்க்கு வழியும் ஓரளவு எளிதாகவே இருந்தது. 1914ஆம் ஆண்டு தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பற் போக்குவரத்துத் தொடங்கியபின், இரயிலும் கப்பலும் இரயிலுமாக நம்மவர் இந்தியாவுக்குச் சென்று வந்தனர். சேதுவின் மணலை எடுத்துச் சென்று கங்கையில் இட்டு, கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிடேகஞ் செய்வித்தலே யாத்திரையின் நிறைவு என்பது மரபு. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துப் புயல் தனுக்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களிற் போர் மூண்டதோடு நின்றது. அதன் பின் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் நம் மக்களுக்குக் காசி மட்டுமன்று, கீரிமலையே எட்டாத் தொலைவாயிற்று.

கீரிமலை நம்மவர்க்கு எத்தகையது என்பதை இம்மலரைப் படிப்பார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கடலின் ஓரத்திலே கல்லிடையூறும் நன்னீர்க் கேணியும், நகுலேசுவரப் பெருமான் சந்நிதியும், ஆடி அமாவாசைக் கூட்டமும் உடைய அத்தலமே ஆறில்லாத நாட்டுக்கு ஆறாயிருந்தது. இறந்தாரின் சாம்பரைக் கரைத்தற்கும் அந்தியேட்டிக் கிரியைக்கும் யாழ்ப்பாணத்தார் அங்கேதான் செல்வர். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தனர். கீரிமலையும் அவர்தம் வீடுகளும் போர்முனைக்கு அப்பாலாயின. அம்மக்களுள் எம் குடும்பமும் ஒன்று. யாம் அப்பொழுது பத்து வயதுச் சிறுவர். யாழ்ப்பாண நகரிலே உறவினர் வீட்டுத் திண்ணையில் வாழ்ந்துகொண்டே இக்கல்லூரியின் வகுப்பறைக்குள் யாம் முதன்முதல் அடியெடுத்து வைத்தோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் முழுவதுமே தென்மராட்சி நோக்கி மழையில் நடந்த செய்தியை நாடறியும். அந்நடையின் பின் மூன்றாம் வாரத்தில் எம் தந்தையார் தென்மராட்சியிலே ஒரு பாடசாலைக் கொட்டகையிற் காலமானார். தகனம் நிகழ்ந்தது, ஆயின் சாம்பரைக் கொண்டு செல்லக் கீரிமலைக்கு வழியில்லை. கடல்நீரேரியின் முழங்காலளவு நீரிலே அதனைக் கரைத்து மீண்டோம். கிரியை செய்விக்க வந்த குருக்களும் அகதியாக வந்தவரே. ஆதலின் சுருக்கமாக முடித்தார். எம் அன்னையார் அன்று ஒன்றும் சொன்னாரல்லர். ஆனால் ஆண்டுதோறும் திவசம் வருங்கால், "தம்பி, அப்பரை ஆழமில்லாத தண்ணியிலை விட்டிட்டம். கங்கையிலை ஒருக்கா அவற்றை பேர் சொல்ல வேணும்" என்று சொல்லி வருவார். பொருளும் ஓய்வும் இசைவும் ஒருங்கு கூடுதற்கு இருபத்தெட்டு ஆண்டு சென்றன.

2024ஆம் ஆண்டு தை மாதத்திலே அன்னையாரை அழைத்துக்கொண்டு யாம் புறப்பட்டோம். பலாலி விமான நிலையம் பன்னாட்டு நிலையமாக 2019ஆம் ஆண்டு ஒக்டோபரிலே திறக்கப்பெற்றமையால், வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் விமானத்தின் அருகே நிற்றல் இயல்வதாயிற்று. விமானம் எழுந்தபோது அன்னையார் பலகணியிற் கண்ணைப் பதித்து, செம்மண்ணும் பனையுமாய் விரிந்த நிலத்திலே தாம் பிறந்த வளவைத் தேடினார். கண்டாரோ இலரோ அறியோம், யாம் வினவினோமல்லோம். சென்னையிலிருந்து இரயிலிலே இரண்டு இரவும் ஒரு பகலும் சென்று காசியை அடைந்தோம்.

காசி என்னும் வாரணாசி கங்கையின் மேற்குக் கரையிலே பிறைவடிவாய் அமைந்த நகரம். இமயத்திற் பிறந்து தென்கிழக்காக ஓடிவரும் கங்கை இவ்விடத்து வடக்கு நோக்கித் திரும்புகின்றது. ஆதலாற் படித்துறைகள் யாவும் கிழக்கு நோக்கியிருக்க, ஞாயிறு எழுங்கால் அக்கதிர் நேரே படிகளில் வந்து விழும். எதிர்க்கரையிலோ நகரமில்லை, வெறும் மணற்பரப்பே. எண்பத்து நான்கு படித்துறைகள் என்பர். இன்றுள்ள விசுவநாதர் கோயில் இந்தூர் அரசியார் அகல்யாபாய் 1780ஆம் ஆண்டளவிற் கட்டுவித்தது. முன்னிருந்த கோயில் 1669இல் ஒளரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்டமை வரலாறு. கோயிலிலிருந்து கங்கைக்கரைவரை வீடுகளை அகற்றி அமைத்த அகன்ற வளாகம் 2021ஆம் ஆண்டு டிசெம்பரிலே திறக்கப்பெற்றது. அதற்கப்பாலோ பழைய சந்துகளே: மாடும் மனிதரும் பிணப்பாடையும் ஒரே வழியிற் செல்வன. மணிகர்ணிகைத் துறையிலே இரவும் பகலும் சிதை எரிகின்றது. நீர் தெளிந்ததன்று, மாலையும் சாம்பரும் சாக்கடையும் அதிற் கலத்தலைக் கண்ணாற் கண்டோம். தூய்மைப் பணிகள் நடைபெறினும் அவை செய்யவேண்டுவது இன்னும் மிகுதி. இவற்றைக் கண்டு முகஞ்சுளித்து மீள்வாரும் உளர். அன்னையார் சுளித்தாரல்லர், எரியும் மரத்தின் மணத்தை அவர் முன்னரே அறிந்தவர்.

அனுமான் துறையை அடுத்த தெருக்களிலே தமிழ் ஒலிக்கின்றது. பாரதியார் தந்தையை இழந்தபின் 1898ஆம் ஆண்டு வந்து, அத்தை வீட்டிலே நான்கு ஆண்டளவு தங்கிக் கற்றது அவ்விடத்தேதான். அங்கே தமிழறிந்த சாத்திரியார் ஒருவரைக் கண்டு, ஓடமேறி ஐந்து தீர்த்தங்களிலும் பிண்டமிடுங் கிரியையைத் தொடங்கினோம். அசி, தசாசுவமேதம், ஆதிகேசவம், பஞ்சகங்கை, மணிகர்ணிகை என்பன அவ்வைந்து.

எள்ளும் தருப்பையும் கையில் தந்த சாத்திரியார் முதலிற் கேட்டது பொருளையன்று, பெயரை. தந்தை பெயர், அவர் தந்தை பெயர், அவர்க்குத் தந்தை பெயர். பின்பு அம்மூவரின் மனைவியர் வரிசையிலே பாட்டி, பூட்டி, ஓட்டி. பின்பு தாய்வழிப் பாட்டனார் முதலிய மூவரும் அவர்தம் மனைவியரும். நாடு அமைதியாயிருந்த காலத்து இவையெல்லாம் உறுதிகளிலும் சாதகக் கட்டுகளிலும் எழுதப்பட்டுக் கிடந்தன. அரித்துவாரத்திலே வடநாட்டார் குடிவழிகளைப் பண்டாக்கள் ஏடுகளில் எழுதிப் பேணுகின்றனர் என்பர். நமக்கு அத்தகைய ஏடு அங்கில்லை. எம் வீட்டு ஏடுகள் இருந்த பெட்டகம் வீட்டோடு அழிந்தது. ஒரு குடியின் ஏடு மட்டுமோ? 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறத்தாழ 97,000 நூல்கள் ஓரிரவில் எரியுண்ட நாடன்றோ நம் நாடு!

ஆயினும் சாத்திரியார் ஒவ்வொரு பெயராய்க் கேட்க, அன்னையார் ஒவ்வொன்றாய்ச் சொன்னார். ஓரிடத்தும் தடுமாறினாரல்லர். எம் தந்தையாரின் ஓட்டி பெயரை யாம் அன்றுதான் முதன்முறை கேட்டோம். எழுபத்தெட்டு வயதும் ஐந்தாம் வகுப்புக் கல்வியும் உடைய ஒருவரின் நெஞ்சே அப்பெயர்கள் எஞ்சியிருந்த ஒரே ஏடு என்பதை அவ்வோடத்திலே உணர்ந்தபோது எம் மெய் நடுங்கியது.

இறுதியிலே 'காருணிய பிதிர்கள்' என ஒரு வரிசை உண்டு. சிற்றப்பன், மாமன், உடன்பிறந்தார், ஆசிரியர், நண்பர் முதலாக நாம் இரங்கி நீரிறைத்தற்கு உரியார் அதில் அடங்குவர். சாத்திரியார் அதனை அறிவித்ததும் அன்னையார், "ஐயா, சொந்தமில்லாத ஆக்களின்ரை பேரும் சொல்லலாமோ?" என்றார்.

"தாராளமாச் சொல்லுங்கோ அம்மா. நேரம் இருக்கு" என்றார் சாத்திரியார்.

அன்னையார் சொல்லத் தொடங்கினார். அவ்விரவு நடையிலே வழியில் வீழ்ந்த அயல்வீட்டு மூதாட்டி. எம் வீட்டுக்குப் பால் கொணர்ந்த இளைஞன். மருந்தின்றிக் காய்ச்சலில் மாண்ட மூன்று வயதுக் குழந்தை. கோயிலிலே தவில் வாசித்த முதியவர். சென்ற இடம் தெரியாமற் போன இருவர். அவர்களுட் பலர்க்கு நீரிறைக்க ஒருவருமில்லை. ஒவ்வொரு பெயருக்கும் யாம் எள்ளும் தண்ணீரும் இறைத்தோம். தமிழறியாத ஓடக்காரர் துடுப்பைத் தாமே நிறுத்திவிட்டார். எம் பங்கிற்கு யாமும் இரு பெயர் சேர்த்தோம்: இக்கல்லூரியிலே எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, பதினேழு வயதில் மறைந்த தோழன் ஒருவன், எமக்கு இலக்கணங் கற்பித்த ஆசிரியர் ஒருவர். முப்பத்தொரு பெயர்கள் ஆயின. எம் தந்தையாரின் பெயரைச் சொன்னபோது சிந்தாத கண்ணீரை அன்னையார் அப்பால்வீட்டுக் குழந்தையின் பெயரைச் சொன்னபோது சிந்தினார்.

காசி சென்றார் தமக்கு விருப்பமான ஒன்றை விட்டு வரவேண்டும் என்பது மரபு. ஒரு காய், ஒரு கனி எதனை விடுகிறீர்கள் என்று சாத்திரியார் வினவினார். "ஐயா, நாங்கள் வீடு, வளவு, தோட்டம் எல்லாம் விட்டிட்டு வந்த சனம். இனி விட என்ன கிடக்கு?" என்றார் அன்னையார். சாத்திரியார் விடை காணாது நின்றார். பின் அன்னையாரே முறுவலித்து, "எண்டாலும் முறை முறைதானே" என்று கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை விட்டார். சென்ற இரு ஆனி மாதங்களிலும் எம் முற்றத்து மாம்பழம் அயலார்க்கே ஆயிற்று.

மாலையிலே கேதாரத் துறையை அடைந்தோம். செந்நிறமும் வெண்ணிறமும் பட்டை பட்டையாய்த் தீட்டிய அக்கோயில் மதில், தென்னாட்டார் கண்ணுக்குத் தாய்வீட்டு மதிலாய்த் தோன்றும். பதினேழாம் நூற்றாண்டிலே குமரகுருபர அடிகள் காசியில் மடங்கண்டது அதன் மருங்கிலேதான். ஐந்தாண்டுவரை பேசாதிருந்து செந்தூர் முருகன் அருளாற் பேசினார் என வழங்கப்பெறும் அவ்வடிகள், காசியிலே வடநாட்டு அரசாட்சியாரோடு உரையாடுதற்கு அவர்தம் மொழியை வேண்டிக் கலைமகளைப் பாடியதே சகலகலாவல்லி மாலை என்பது மரபு. நவராத்திரியின் இறுதி மூன்று நாளும் நம் கல்லூரி மண்டபத்திலே அவலும் கடலையும் கைக்கு வருமுன் நாம் எல்லோரும் ஓதிய மாலை அதுவே! அடிகளின் நீதிநெறி விளக்கத்தை 1854ஆம் ஆண்டு தம் இளமையிலேயே பதிப்பித்தவரும் சிறுப்பிட்டியிற் பிறந்த நம் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே. அயல்மொழி கற்றல் தம்மொழிக்கு இழிவென அடிகள் கருதிற்றிலர். அயல்மொழி கற்றமையால் தம்மொழியை விட்டதுமிலர். அன்னையார் படியில் அமர்ந்து அம்மாலையை மெல்ல ஓதினார். பத்துப் பாட்டும் புத்தகமின்றியே வந்தன.

ஆறில்லா நாட்டார் கங்கைக்குக் கொண்டு செல்லத்தக்கது சொல் ஒன்றே என்பதை அங்கே தெளிந்தோம். கங்கையின் நீர் நம் கிணற்றுநீரினும் தெளிந்ததன்று. அங்குள்ள தெருவும் நம் ஒழுங்கையினும் தூயதன்று. ஆயினும் இறந்தாரின் பெயரை ஒருவர் கேட்க ஒருவர் உரக்கச் சொல்லுதற்கு ஓரிடமும் ஒருநாளும் வேண்டும். நம்மில் எத்தனை பேர்க்கு அது வாய்க்காது போயிற்று! யாத்திரையின் பயன் இதுவே என்பது எம் துணிபு.

மீண்ட பின்னர் அம்முப்பத்தொரு பெயரையும், எம் இருவழி முன்னோர் பெயர்களையும் அன்னையார் சொல்லச் சொல்ல ஒரு குறிப்பேட்டில் எழுதினோம். இப்பொழுது எம்மிடம் தமிழ் கற்கும் மாணவர்க்கு ஆண்டின் முதற் கட்டுரைப் பயிற்சியாக, வீட்டிலுள்ள முதியோரிடங் கேட்டு மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதி வருக எனப் பணிக்கின்றோம். பாட்டியின் தாயின் பெயரை எழுதி வரும் மாணவர் சிலரே. எழுதி வந்தவரோ அதனை உரக்கப் படித்துக் காட்டுதற்கு விரும்புகின்றனர்.

பழைய மாணவ அன்பர்களே, கடல் கடந்த நாடுகளிலே வாழும் நம்மவர் பலர்க்கு இம்மலர் சென்று சேரும். காசிக்குப் போகும் வசதி உங்களுள் மிகப் பலர்க்கு உண்டு. போய் வருக. அதற்கு முன்னே தொலைபேசியிலாயினும் உங்கள் வீட்டு முதியோரை அழைத்து, அப்பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்க. எம் அன்னையார் இவ்வாண்டு எண்பதை எட்டுகின்றார். சென்ற மாதம் அவர் நினைந்து சொன்ன ஒரு பெயர், குறிப்பேட்டில் முப்பத்திரண்டாவதாக ஏறியுள்ளது.