வெருளும் குதிரை

குதிரை மிரண்டது என்று தமிழ்நாட்டில் எழுதுவார்கள். எங்கள் இலங்கைத் தமிழில் அது வெருளும். பயிரைக் காக்க வயலில் நட்டு வைக்கும் பொம்மைக்கு வெருளி என்றே பெயர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறருடைய செய்திகளைத் திருத்திக்கொண்டிருக்கும் எனக்கு இச்சொல்லின் மீது ஒரு தனிப்பற்று உண்டு. அச்சம் மனத்தோடு நின்றுவிடக்கூடும். வெருட்சியில் உடம்பு முழுவதும் இருக்கிறது. கற்பிட்டியில் ஒரு பெண் குதிரையைப் பார்த்த பின்னர்தான் இந்த வேறுபாடு எனக்குச் சரியாக விளங்கிற்று.

கற்பிட்டி ஒரு நீண்ட மணல் தீபகற்பம். மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளம் களப்பு. பாலாவியிலிருந்து பிரியும் வீதியில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தைத் தாண்டி வடக்கே சென்றால், ஒல்லாந்தர் கட்டிய கோட்டை வரை இருபுறமும் தென்னையும் வெங்காயத் தோட்டமும் மீனவர் வாடிகளும்தான். மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை இங்கே சோழகம் ஓயாமல் வீசும். ஒரு காலத்தில் கரைவலைக்காரர்கள் மட்டுமே திட்டிக்கொண்டிருந்த அந்தக் காற்றைத் தேடி இப்போது ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். காலில் ஒரு பலகை, இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் ஆளைவிடப் பெரிய பட்டம். களப்பின் மேல் வழுக்கிக்கொண்டு பறக்கிறார்கள். கைட் சர்ஃபிங் என்ற இந்த விளையாட்டால் ஊரில் பல அடுப்புகள் எரிகின்றன.

இந்தக் கரைக்குக் குதிரை முற்றிலும் அந்நியமானதன்று. இபின் பதூதா 1344இல் புத்தளத்தில் வந்து இறங்கிய காலத்தில், அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக எதிர்க்கரையிலுள்ள பாண்டிய நாட்டுக் காயலுக்கு வந்துகொண்டிருந்தன. வந்த குதிரைகளைப் பேணத் தெரியாமல் சாகவிட்டு ஆண்டுதோறும் புதிதாய் வாங்கினார்கள் என்று மார்க்கோ போலோ குறைப்பட்டிருக்கிறார். வியாபாரிகளுக்கு அது நல்ல காலமாக இருந்திருக்கும்.

நான் சொல்ல வந்த குதிரை நுவரெலியாவிலிருந்து வந்தது. ஏப்ரல் வசந்த காலப் பந்தயங்களில் ஓடி வயதேறிய குதிரைகள் அங்கே ஏரிக்கரையில் பிள்ளைகளைச் சுமக்கும். சில கைமாறிக் கீழிறங்கும். அப்படி இறங்கிய செம்பழுப்பு நிறக் குதிரையொன்றை, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ஒருவர் வாங்கியிருந்தார். ஊரில் எல்லோரும் அவரை நானா என்று அழைப்பதால் நானும் அப்படியே அழைத்தேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவிலிருந்து படகில் வந்து இந்தக் கரையில் இறங்கியவர்களுள் அவரும் ஒருவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். சுற்றுலாப் பயணிகளைக் கடற்கரையில் ஏற்றி இறக்கிச் சங்கிலியை மீட்டுவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கில் பட்டம் வரவில்லை. தலைக்கு மேலே ஒரு பட்டம் திரும்பியதும் குதிரை நின்ற இடத்திலேயே சுழன்று, நானாவைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு தென்னந்தோட்டத்துக்குள் பாய்ந்ததாம். பட்டம் மட்டுமில்லை, வேலியில் சிக்கிய சொப்பிங் பை காற்றில் படபடத்தாலும் அதே கதைதான். விற்கச் சொல்லாதவர் இல்லை. வெருளும் குதிரையை யார் வாங்குவார்கள்?

இதைக் குதிரையின் முட்டாள்தனம் என்று நினைப்பது நம்முடைய அவசரம். தலையின் இரு பக்கங்களிலும் கண் இருப்பதால் அது ஏறக்குறைய 350 பாகை பார்க்கிறது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டுமே மறைவு. நிறங்களை நம்மளவு பிரித்தறியாது. ஆனால் ஓர் ஓரத்தில் ஏதேனும் அசைந்தால் தவறவிடாது. புல்வெளியில் புலியோ சிங்கமோ பாயுமுன் ஓடியவைதான் பிழைத்துக் குட்டி போட்டன. நின்று ஆராய்ந்தவற்றுக்கு வம்சமில்லை. ஆக, முதலில் ஓட்டம், பிறகுதான் விசாரணை. எங்கள் செய்தியறையில் இதை நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது வேறு விடயம்.

நானாவிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அனுபவசாலி ஒருவர் சொன்னது: தென்னையில் குறுக்கக் கட்டிவிட்டுத் தலைக்கு மேலே பட்டத்தை விடுவது, துள்ளித் துள்ளி ஓய்ந்ததும் பழகிவிடும் என்பது. முன்னர் வைத்திருந்தவர் இப்படி ஏதோ செய்திருக்க வேண்டும். குதிரையின் கன்னத்தெலும்பில் கயிறு அறுத்த தழும்பு இருந்தது. "கட்டிப் போட்டா எந்தச் சீவனும் சும்மாதான் நிக்கும் சேர். அது பழகிட்டுது எண்டு ஆகாது" என்றார் நானா. தப்ப வழியில்லாத துன்பத்துக்கு உள்ளான விலங்கு, பின்னர் வழி திறந்திருந்தாலும் எழுந்து போகாமல் கிடக்கும் என்பதை 1967இல் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய சகாவும் நாய்களிடம் கண்டு எழுதினார்கள். நானா அதைப் படித்தவரல்லர். 1991இல் இளம் நிருபனாகப் புத்தளம் முகாம்களுக்குப் போனவன் நான். ஓலைக் குடிசைகளில் மிக அமைதியாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து, "இவர்கள் பழகிக்கொண்டுவிட்டார்கள்" என்று குறிப்பெழுதிச் சென்ற அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன். ஆகவே அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது.

அவர் தேர்ந்த வழி இரண்டாவது. பேரன் ஒரு கம்பின் நுனியில் உரப்பைத் துண்டொன்றைக் கட்டிக்கொண்டு அறுபது எட்டுக்கு அப்பால் நின்றான். நானா குதிரையின் கயிற்றைத் தளர்வாகப் பிடித்திருந்தார். பையன் மெல்ல நடந்து வந்தான். குதிரையின் காதுகள் விறைத்துத் தலை உயர்ந்ததும் நானா கையைக் காட்டினார். அவன் அந்த இடத்திலேயே நின்றான். ஓடத் தூண்டும் தூரத்துக்கு அவன் வரவேயில்லை. சற்று நேரத்தில் குதிரை கண்ணை இமைத்தது, மூக்கால் நீளமாக ஊதியது, வாயை மென்றது, தலையைத் தாழ்த்தியது. அந்த நொடியில் பையன் முதுகைக் காட்டித் திரும்பிப் போய்விட்டான்.

வித்தை முழுவதும் அந்தத் திரும்பிப் போதலில்தான் இருக்கிறது. பயந்து துள்ளும்போது உரப்பை விலகினால், துள்ளினால் அது போய்விடும் என்று குதிரை கற்கும். அமைதியாக நின்றபோது விலகினால், நின்றால் போய்விடும் என்று கற்கும். ஒரு நொடி பிந்தினாலும் பாடம் மாறிவிடும். அதனால் நானாவின் கண் பையின் மீது இல்லை, குதிரையின் காதின் மீதே இருந்தது. நாளொன்றுக்குப் பத்து நிமிடம், அதற்குமேல் இல்லை. இடப்பக்கம் பழகியதை வலப்பக்கம் முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாம் வாரத்தில் பையனை முன்னே நடக்கவிட்டுக் குதிரையைப் பின்னே கூட்டிப் போனார். துரத்துவதாக நினைத்த பொருள் தனக்கு முன்னால் ஓடுகிறது என்று கண்டதும் குதிரை கழுத்தை நீட்டி மோந்து பார்க்கத் தொடங்கியது. நான் கற்பிட்டியில் தங்கியிருந்த நாட்களில் கண்டவற்றில் இதைப் போல் மனத்தில் நின்றது வேறில்லை.

டென்மார்க்கில் இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். யன்னே விந்தர் கிறிஸ்டென்சனும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வயதுடைய 27 ஆண் குதிரைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, அசையும் வெள்ளை நைலோன் பையொன்றுக்குப் பழக்கினார்கள். ஒரு குழுவுக்கு முழு அச்சத்தையும் ஒரேயடியாகக் காட்டினார்கள், ஒன்றுக்குப் படிப்படியாகக் காட்டினார்கள், ஒன்றுக்குத் தீனியோடு இணைத்தார்கள். படிப்படியாகக் கண்டவைதான் குறைவாக வெருண்டு விரைவாகப் பழகின. அக்குழுவில் பழகாதது ஒன்றும் மிஞ்சவில்லை. என்னை நிறுத்திய செய்தி வேறு: குதிரைகள் வெளியில் வெருளுவதை நிறுத்திய பின்னரும் இதயத் துடிப்பு சிலகாலம் அடங்கவில்லை. நிற்கும் கால் சொல்வதும் நெஞ்சு சொல்வதும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை.

கிரேக்கரான செனொபோன் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே இதன் பாதியைச் சொல்லிவிட்டார். பயப்படும் பொருளருகே அடித்து இழுத்துச் சென்றால், அடியின் வலியையும் அப்பொருளே தந்ததாகக் குதிரை எண்ணிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. மனிதருக்கு இது மருத்துவமாக வர 20ஆம் நூற்றாண்டாயிற்று. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய ஒரு சிறுவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் முயற்கூட்டைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அச்சத்தைத் தீர்த்தார். 1958இல் ஜோசப் வோல்பே அதை ஒரு சிகிச்சை முறையாக நூலெழுதி நிறுவினார்.

நானாவின் வேலை நேர்கோட்டில் போகவில்லை. உரப்பை முடிந்து, காற்றிறக்கிய பழைய பட்டமொன்றை மணலில் விரித்து, அதன்மேல் தீனி வைத்து உண்ணவிட்டு, களப்போரம் வரை வந்திருந்தார். ஒருநாள் யாரோ ஒருவருடைய பட்டம் கட்டுமீறி இருபது அடி தூரத்தில் தண்ணீரில் அறைந்து விழுந்தது. குதிரை கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலை பேரன் மறுபடி அறுபது எட்டில் உரப்பையோடு நின்றான். சோழகத்தில் மீதமிருந்தது ஆறு வாரம். சங்கிலிக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. நானா நாளுக்குப் பத்து நிமிடத்தைப் பதினொன்றாக்கவில்லை.

புத்தளத்திலும் மன்னாரிலும் தெருவில் திரியும் கழுதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. குதிரை பயந்தால் ஓடும். கழுதை பெரும்பாலும் அப்படியே உறைந்து நின்றுவிடும். அதைத்தான் நாம் பிடிவாதம் என்று பெயரிட்டு அடிக்கிறோம். மன்னாரில் பிரிட்ஜிங் லங்கா என்ற தொண்டு நிறுவனம் கழுதைகளுக்கென்று ஒரு சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தி, சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளை அவற்றோடு பழகவிட்டது. அந்தப் பிள்ளைகள் கழுதையை அவசரப்படுத்தமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பருவத்தில் நானாவால் சங்கிலியை மீட்க முடியவில்லை. அடுத்த ஆண்டு சோழகம் தொடங்கி ஒரு மாதம் கழித்து நான் போனபோது, குதிரை ஒரு ஜேர்மன் சிறுமியைச் சுமந்துகொண்டு களப்போரம் நடந்தது. வானத்தில் ஏழெட்டுப் பட்டங்கள். ஒரு காது மட்டும் அவற்றின் பக்கம் திரும்பித் திரும்பி வந்தது. சங்கிலியைப் பற்றிக் கேட்டேன். பாதி கட்டியாயிற்று என்றார் நானா. பட்டம் பழகிவிட்டது, ஆனால் ஆட்கள் விரித்துப் பிடிக்கும் குடை இன்னும் ஆகாதாம். மழைக்கு முன் அதைத் தொடங்க வேண்டும் என்று பேரனிடம் பழைய குடையொன்று தேடச் சொல்லிக்கொண்டிருந்தார்.