அனாமத்துக் கணக்கு

எதிர்வீட்டுப் பெண் போன வாரம் ஓர் ஆடிட்டர் ஆபீஸுக்கு இன்டர்வியூ போய்விட்டு வந்தாள். அன்றிலிருந்து செல்போனும் கையுமாகத்தான் திரிகிறாள். ‘மெசேஜ் அனுப்பினேன் அங்கிள். ப்ளூ டிக் வந்துடுச்சு, பதில்தான் வரலை’ என்றாள். எனக்கு 2001 ஏப்ரல் ஞாபகம் வந்துவிட்டது.

பி.காம் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மார்ச் 31-ல் நிதியாண்டு முடிந்து, ஆடிட்டர் ஆபீஸ்களில் ஃபைல்கள் மலை மாதிரி குவிகிற நேரம். தி.நகரில் ஒரு மாடி ஆபீஸில் கூப்பிட்டிருந்தார்கள். டாலி தெரியுமா என்றார்கள். தெரியும் என்றேன் (பாதிதான் தெரியும்). பிறகு பெரியவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்னா என்னப்பா?’ என்றார்.

நான் தமிழ் மீடியம். ப்ளஸ் டூவில் படித்த ‘அனாமத்துக் கணக்கு’தான் நாக்கில் வந்தது. இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துப்போகாவிட்டால், பிழை அகப்படும்வரை அந்த வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாகக் கொண்டுபோய் வைக்கிற இடம் என்று விளக்கினேன். பெரியவர் சிரித்துவிட்டார். ‘சொல்லி அனுப்பறோம் தம்பி.’ அந்தச் சிரிப்பை நம்பித்தான் வீடு திரும்பினேன்.

மாடி போர்ஷனில் குடியிருந்தோம். போன் கிடையாது. விண்ணப்பத்தில் கீழ்வீட்டு மாமியின் நம்பரை எழுதி, பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டிருந்தேன். அங்கே மணி அடித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பாதிப் படி இறங்கி நிற்பேன். மாமி மும்பை மகளோடு பேச ஆரம்பித்ததும் ஏறிவிடுவேன். போகப் போக, ரிசீவரைக் கையில் பிடித்தபடியே ‘உனக்கில்லடா’ என்று குரல் கொடுக்க மாமி பழகிவிட்டார்.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு வீட்டோடு இருந்தார். காலை பதினொரு மணிக்குக் கீழே வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். போஸ்ட்மேன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதும், ‘ஆடிட்டருங்களுக்கு இப்ப தலைக்கு மேல வேலை. மெதுவாத்தான் போடுவாங்க’ என்பார், தெருவைப் பார்த்தபடி.

ஒரு மாதம் தாண்டியதும் நானே கிளம்பிப் போனேன். ஆபீஸ் அப்போதுதான் திறந்திருந்தது. அட்டெண்டர் என் பெயரைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

‘அந்த வேலைக்கு அன்னிக்கு சாயங்காலமே ஆள் எடுத்தாச்சே தம்பி. உங்கப்பா வந்து கேட்டப்பவே சொன்னேனே?’

‘அப்பாவா? எப்ப?’

‘ஆச்சு, மூணு வாரம் இருக்கும். தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போனார்.’

சைதாப்பேட்டைக்கு நடந்தே வந்தேன். இந்த மூன்று வாரமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரே மனுஷர், அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வாசலில்தான் இருந்தார்.

‘எங்கடா போயிட்ட? போஸ்ட்மேன் இன்னும் வரலை.’

மாடிக்குப் போய் ஸ்டூலை எடுத்துவந்து, அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.