ஸ்பிரிங் தெருவின் இரு மாளிகைகள்

ஒரு குடும்பத்தில் யாருடைய சொல் செல்லுகிறது என்று அறிய வேண்டுமானால், பெட்டிச் சாவி யாருடைய இடுப்பில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். ராஜ்ய விவகாரங்களுக்கும் இந்த விதி பொருந்தும். இதைக் கண்ணெதிரே காட்டும் தெரு ஒன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் இருக்கிறது. ஸ்பிரிங் தெரு என்று அதற்குப் பெயர்.

காலின்ஸ் வீதி வந்து முடியும் இடத்தில் பழைய கஜானா மாளிகை நிற்கிறது. அங்கிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால், பர்க் வீதியின் உச்சியில் பார்லிமெண்டு மாளிகை. இரண்டுக்கும் இடையே ஒரு சிறு பூங்கா. பணம் இருந்த இடத்திலிருந்து சட்டம் பிறக்கும் இடத்துக்குச் சாவகாசமாக நடந்தாலும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. ஆனால் அந்தச் சாவி ஜனங்களின் பிரதிநிதிகள் கைக்கு வந்து சேர எத்தனை வருஷங்கள் பிடித்தன என்பதே இங்கே சொல்லவந்த கதை.

முதலில் கஜானாவைப் பார்த்தேன். 1858-இல் தொடங்கி 1862-இல் கட்டி முடித்த கட்டிடம் இது. இதற்குத் திட்டம் வரைந்த ஜே. ஜே. கிளார்க் அப்போது பத்தொன்பது வயதுப் பிள்ளை என்றால் நம்பத் தோன்றுகிறதா? இன்று இது ஒரு காட்சிசாலை. தடித்த சுவர்களுடைய அதன் நிலவறைகள், சுரங்கங்களிலிருந்து வந்த தங்கத்தை வைப்பதற்காகவே கட்டப்பட்டவை.

விக்டோரியா 1851-இல் தனிக் குடியேற்ற நாடாயிற்று. அதே வருஷத்தில் தங்கமும் அகப்பட்டது. சுமார் 77,000 ஆக இருந்த ஜனத்தொகை பத்து வருஷத்தில் 5,40,000 ஆகப் பெருகிற்று. பூமியைத் தோண்ட வந்தவன் ஒவ்வொருவனும் மாதம் 30 ஷில்லிங் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். தங்கம் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. வரி கொடுத்தவனுக்கு வோட்டு இல்லை. 1854 டிசம்பர் 3-ஆம் தேதி பல்லராட்டில் யுரேகா என்ற இடத்தில் துப்பாக்கி வெடித்தது. சுரங்கத் தொழிலாளர் இருபது பேருக்கு மேல் மாண்டனர். அடுத்த வருஷமே அந்த லைசென்ஸ் ஒழிந்தது. வருஷத்துக்கு ஒரு பவுன் கொடுத்தால் தோண்டும் உரிமையோடு வோட்டுரிமையும் உண்டு என்று ஏற்பட்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்லிமெண்டு மாளிகையின் அகன்ற படிகளில் ஏறினேன். உள்ளே இரண்டு மண்டபங்கள். ஒன்று கீழ்ச்சபை, 1857 முதல் வயதுவந்த ஆண்கள் எல்லாருடைய வோட்டையும் பெற்றது. மற்றது மேல்சபை, தூண்களும் தங்கப் பூச்சும் பொலியும் அந்த மண்டபத்தில் 30 பேர் அமர்ந்தார்கள். 5,000 பவுன் பெறுமான நிலம் உள்ளவர்களே அதற்கு அங்கத்தினராக முடியும். பண மசோதாவைத் திருத்த மேல்சபைக்கு அதிகாரமில்லை. ஆனால் அடியோடு தள்ளிவிட அதிகாரம் உண்டு. இந்த ஒரு வாசகத்தில்தான் சண்டைக்கு வித்து இருந்தது.

1865-இல் பிரதம மந்திரி ஜேம்ஸ் மக்கல்லக் இறக்குமதிப் பொருள்களின் மீது புதிய சுங்க வரிகளைக் கொண்டுவந்தார். மேல்சபைப் பிரபுக்கள் தள்ளிவிடுவார்கள் என்று தெரிந்து, அவ்வருஷச் செலவு மசோதாவோடு அதைச் சேர்த்து முடிந்து அனுப்பினார். பிரபுக்கள் இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டார்கள். சர்க்காருக்குச் செலவு செய்யச் சட்டப்படி ஒரு காசு இல்லை!

மக்கல்லக் செய்த தந்திரம் வேடிக்கையானது. தாம் டைரக்டராக இருந்த ஒரு பாங்கியிலேயே சர்க்காருக்குக் கடன் வாங்கி உத்தியோகஸ்தர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். பாங்கி உடனே சர்க்கார் மீது வழக்குத் தொடுத்தது. சர்க்கார், "ஆம், கடன் பட்டோம்" என்று ஒப்புக்கொண்டது. கோர்ட்டுத் தீர்ப்பு வந்ததும் கவர்னர் கையெழுத்திட, கஜானாவிலிருந்து பணம் பாங்கிக்குச் சென்றது. மறுபடியும் கடன், மறுபடியும் வழக்கு! இதற்கு இணங்கிய கவர்னர் சர் சார்லஸ் டார்லிங்கை லண்டன் 1866-இல் திருப்பி அழைத்துக்கொண்டது. அவருடைய மனைவிக்கு 20,000 பவுன் வெகுமதி அளிக்கக் கீழ்ச்சபை முனைந்ததும் மீண்டும் கலகம் மூண்டது. லண்டன் சர்க்காரே டார்லிங்குக்கு உபகாரச் சம்பளம் கொடுக்க இசைந்த பிறகுதான், 1868-இல், அது ஓய்ந்தது.

பத்து வருஷம் சென்றது. சட்டசபை அங்கத்தினருக்கு வருஷம் 300 பவுன் சம்பளம் கொடுப்பதைப் பற்றி வழக்கு எழுந்தது. சம்பளம் இல்லாவிட்டால் ஏழை எப்படி வேலையை விட்டு வந்து சபையில் உட்காருவான்? மேல்சபை மறுபடியும் செலவு மசோதாவைத் தள்ளிற்று. பிரதம மந்திரி கிரஹாம் பெர்ரி 1878 ஜனவரியில் நியாயாதிபதிகள் உட்பட 200-க்கு மேற்பட்ட உத்தியோகஸ்தர்களை ஒரே நாளில் விலக்கினார். "கறுப்புப் புதன்" என்று அந்நாளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பிரபுக்களின் பிடிவாதத்துக்காகக் குமாஸ்தாவின் குடும்பம் பட்டினி கிடப்பது என்ன நியாயம்? ஜனங்களின் கட்சியிலும் குற்றம் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஓயாத சண்டைக்குப் பலனும் இருந்தது. இலவசமாக, கட்டாயமாக, மதச் சார்பின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி அளிக்கும் சட்டம் 1872-இல் இந்த மாளிகையில்தான் நிறைவேறிற்று. தங்கள் பணத்தைத் தாங்களே செலவிட்டவர்கள் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் இந்தியனுக்குத் தன் நாட்டு ஞாபகம் வராமல் இராது. விக்டோரியா மகாராணியின் அதே கொடிதான் இங்கும் பறந்தது, அங்கும் பறந்தது. மெல்போர்னில் வரவு செலவின் பேரில் மந்திரி சபைகள் மோதிக்கொண்டிருந்த காலத்தில், 1861-ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த நம் சட்டசபைகளில் பட்ஜெட்டைப் பற்றிப் பொதுவாக விவாதிக்கவும் வழி இல்லை. 1892-இல் பேச இடம் கிடைத்தது, வோட்டெடுக்க இடமில்லை. கோகலே கொண்டுவந்த ஆரம்பக் கல்வி மசோதா 1912-இல் 38-க்கு 13 வோட்டில் தோற்றது. விக்டோரியா அத்தகைய சட்டத்தைச் செய்து அப்போது நாற்பது வருஷம் ஆகியிருந்தது. குடியேறிய வெள்ளையருக்கு ஒரு நீதி, ஆளப்பட்டவர்களுக்கு ஒரு நீதி.

அந்த வேற்றுமை ஸ்பிரிங் தெருவுக்கு உள்ளேயும் இருந்தது. இந்த மண் குலின் மக்களுடையது. அவர்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்ட பூமியின் தங்கமே நிலவறைகளை நிரப்பிற்று. அவர்கள் எங்கே வசிக்கலாம், என்ன வேலை செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டத்தையும் 1869-இல் இதே பார்லிமெண்டு செய்தது. கரையிறங்கும் சீனர் தலைக்கு 10 பவுன் வரி 1855-லேயே வந்துவிட்டது. 1863-ஆம் வருஷச் சட்டத்தில் "ஆட்கள்" என்ற சொல் தவறி விழுந்ததால், 1864 தேர்தலில் வரி கொடுத்த ஸ்திரீகள் சிலர் வோட்டுப் போட்டுவிட்டார்கள். மறு வருஷமே அந்தப் பிழையைத் திருத்திவிட்டார்கள்! முறைப்படி வோட்டுரிமை பெற அவர்கள் 1908 வரையில் காத்திருந்தார்கள்.

படிகளின் மேல் நின்று அண்ணாந்து பார்த்தேன். மாளிகையின் மேல் பெரிய கூண்டுக் கோபுரம் ஒன்று எழும்பியிருக்க வேண்டும். 1890-களின் பண முடையினால் அது நின்றுபோயிற்று, இன்றுவரை கட்டப்படவில்லை.

1950-இல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின்படி, லோக் சபை நிறைவேற்றிய பண மசோதாவை ராஜ்ய சபை 14 நாளுக்கு மேல் நிறுத்திவைக்க இயலாது. மெல்போர்ன்காரர்கள் பல வருஷம் போராடிய விஷயம் நமக்கு ஒரு விதியாக எழுதிக் கிடைத்திருக்கிறது. சாவி இப்போது நம் இடுப்பில்தான் இருக்கிறது. பெட்டியைத் திறந்து கணக்குப் பார்க்கும் வழக்கம் நமக்கு எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியோடு நான் அந்தப் படிகளை விட்டு இறங்கினேன்.